கண்ணுக்குள்ளே பதினாறு தையல்



நமது பக்கத்தில் வழக்கமாக குடிதண்ணீர், கக்கூஸ், பிள்ளைக் காம்பராச் சாப்பாடு, சேமலாபப் பணம் என்று எழுதுவோம். இந்த முறை கண்ணைப் பற்றி எழுதப் போகிறோம். அதிலும் கண்ணுக்குள்ளே போடுகிற தையலைப் பற்றி. "தையல் போடுறது டொக்டர் வேலை, நமக்கு என்னத்துக்கு இது?" என்று சிலர் கேட்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த நினைப்பினால் நம் தோட்டத்து அக்கா ஒருவர் பார்வையை இழந்தார். அதனால்தான் எழுதுகிறோம். அவரிடம் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறோம். "எழுதுங்க ஐயா, பேர் மட்டும் போட வேண்டாம்" என்றார்.

அக்கா மேல் டிவிஷனில் கொழுந்து எடுப்பவர். சில வருஷத்துக்கு முன்னால் கவ்வாத்து மலையில் விறகு பொறுக்கும்போது தேயிலைக் குச்சி கண்ணில் குத்திவிட்டது. கண்தானே, தானா ஆறிவிடும் என்று ஒரு கிழமை இருந்துவிட்டார். கண் புண்ணாகிவிட்டது. மருந்து போட்டுப் புண் ஆறினாலும் கறுப்பு முழியின் மேல் வெள்ளையாகத் தழும்பு விழுந்து, பார்வை மறைந்துவிட்டது. பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் அந்தத் தழும்பை வெட்டி எடுத்து, இறந்தவர் ஒருவர் தானமாகக் கொடுத்த கண்ணிலிருந்து எடுத்த படலத்தை வைத்துத் தைத்தார்கள். பார்வை திரும்பியது. மூன்று வருஷம் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்கிறோம். முதலில் தையல் என்ன என்று விளங்கிக்கொள்வோம்.

எந்தப் படலம் அது?

நம் கண்ணின் கறுப்பு முழிக்கு மேலே, கைக்கடிகாரத்தின் கண்ணாடி மாதிரி, ஒரு தெளிந்த படலம் மூடி நிற்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதை விழிவெண்படலம் என்று போட்டிருப்பார்கள். சட்டைப் பொத்தான் அளவுதான். குறுக்காக அளந்தால் 11 அல்லது 12 மில்லிமீற்றர். நடுவில் தடிப்பு அரை மில்லிமீற்றர் அளவு. அதாவது ஐந்தாறு கொப்பித் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தடிப்பு.

இந்தப் படலத்தில் இரத்தக் குழாய் ஒன்றும் கிடையாது. இருந்தால் சிவப்பாகத் தெரியும், பார்க்க முடியாது. கண்ணீரிலிருந்தும் காற்றிலிருந்தும் உள்ளே இருக்கிற நீரிலிருந்தும்தான் அது உயிர் பிழைக்கிறது. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் காயம் பட்டால் ஆறுவதற்கு நீண்ட காலம் எடுப்பதற்கும் இதுவே காரணம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நம்மிடத்தில் இந்தப் படலம் கெட்டுப்போகிற வழிகள் நமக்குத் தெரிந்தவைதான். கவ்வாத்துக் குச்சி, புல் நுனி, கல்லுத் தெறிப்பு, உரத் தூள், மருந்தடிக்கும் தண்ணீர், சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு. வெற்றிலைச் சுண்ணாம்பை மறக்கக்கூடாது. பாட்டியின் வெற்றிலைப் பையை எடுத்து விளையாடும் சின்னப் பிள்ளை, அந்தச் சுண்ணாம்புப் பக்கெட்டை அமுக்க, அது பீய்ச்சிக்கொண்டு நேரே கண்ணுக்குள் போய்விடும்.

முதல் கண் ஒரு கூலித் தொழிலாளியின் கண்

இந்தச் சத்திரசிகிச்சை பணக்காரருக்கு என்று கண்டுபிடித்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். உலகத்தில் முதன்முதலாகச் சரிவந்த விழிவெண்படல மாற்றம் 1905ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் திகதி நடந்தது. இடம் ஒலோமொவுட்ஸ் என்ற ஊர். இன்றைக்கு அது செக் நாட்டில் இருக்கிறது. செய்தவர் எட்வர்ட் சிர்ம் என்ற கண் டொக்டர். நோயாளி அலோயிஸ் குளோகர் என்ற கூலித் தொழிலாளி. அவருடைய இரண்டு கண்ணையும் கெடுத்தது வேறொன்றும் இல்லை, சுண்ணாம்புதான். அடிபட்டுக் காப்பாற்ற முடியாமல் அகற்றிய ஒரு பையனின் கண்ணிலிருந்து படலத்தை எடுத்து வைத்தார்கள். ஒரு கண் தோற்றுப்போனது. மற்றக் கண் தெளிவாக நின்றது. அவர் திரும்பவும் வேலைக்குப் போனார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சிர்ம் டொக்டர் அந்தப் படலத்தின் மேல் ஒரு தையல்கூடப் போடவில்லை. போடுவதற்கு ஏற்ற ஊசியும் நூலும் அந்தக் காலத்தில் இல்லை. படலத்தைக் குழியில் உட்கார வைத்து, பக்கத்தில் இருக்கிற கண்தோலிலிருந்து நூலைக் குறுக்கே இழுத்து, மேலே அமர்த்திப் பிடிக்க வைத்தார். கூரைத் தகரம் பறக்காமல் குறுக்கே கயிறு கட்டுகிறோமே, அது மாதிரி. பிறகு வந்த டொக்டர்மார் பட்டு நூலால் தைத்துப் பார்த்தார்கள். அந்த நூல் கண்ணுக்கு மொத்தம். 1960களில் மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்துச் செய்கிற முறையும் மெல்லிய நைலோன் நூலும் வந்த பிறகுதான் இந்தத் தையல் ஒழுங்குக்கு வந்தது.

நம் நாட்டுக்கும் இதில் பெரிய பேர் இருக்கிறது. டொக்டர் ஹட்சன் சில்வா 1958இல் பத்திரிகையில் கண் தானம் கேட்டு எழுதினார். 1961இல் இலங்கை கண் தானச் சங்கத்தைத் தொடங்கினார். 1964இல் ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து சிங்கப்பூருக்குக் கண் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ நாடுகளுக்கு இந்தத் தீவிலிருந்து கண் போயிருக்கிறது. அக்காவுக்குக் கிடைத்ததும் அப்படி யாரோ ஒருவர் மனசு வைத்துக் கொடுத்ததுதான்.

தைக்கிறது ஏன் இவ்வளவு கஷ்டம்?

அக்காவைக் கூட்டிக்கொண்டு போன அன்று கண் டொக்டர் ஒரு தாளில் படம் போட்டு நமக்கு விளங்கப்படுத்தினார். நாம் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்ததை, பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

ஒன்று, நூல். இந்தத் தையலுக்கு எடுக்கிற நைலோன் நூலின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் நாற்பதில் ஒரு பங்கு அளவு. நம் தலைமயிர் ஒன்றை நீளமாக மூன்றாகப் பிளந்தால் வருகிற ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஊசி பிறை மாதிரி வளைந்திருக்கும். அதைக் கையால் பிடிக்க முடியாது, சின்னக் குறட்டால் பிடிக்க வேண்டும். டொக்டர் மூச்சு வாங்கிக் கை ஆடினால்கூட மைக்ரோஸ்கோப்பில் அது பெரிய ஆட்டமாகத் தெரியுமாம்.

இரண்டு, திறந்த கண். கெட்டுப்போன படலத்தை நடுவில் சுமார் எட்டு மில்லிமீற்றர் வட்டமாக வெட்டி எடுக்கிறார்கள். அந்த நேரத்திலிருந்து கண் மூடியில்லாத பானை மாதிரி. உள்ளே வில்லையும் அதற்குப் பின்னால் கூழ் மாதிரியான பொருளும் இருக்கின்றன. நோயாளி அந்த நேரம் இருமினால், முக்கினால், உள்ளே இருப்பது வெளியே தள்ளிக்கொண்டு வரலாம். சில சமயம் கண்ணின் பின்பக்கத்து இரத்தக் குழாய் உடைந்து கண்ணே போய்விடும். அதனால்தான் சத்திரசிகிச்சைக்கு முன்னால் "இருமல் இருக்கா, பிரஷர் இருக்கா, சீனி இருக்கா" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். இருமலை மறைத்துவிட்டுப் போய்ப் படுக்கக்கூடாது.

மூன்று, முதல் நாலு தையல். புதுப் படலத்தை வெட்டிய குழியை விடக் கால் அல்லது அரை மில்லிமீற்றர் பெரிதாக வெட்டி வைக்கிறார்கள். முதல் தையல் கடிகாரத்தில் 12 மணி இருக்கிற இடத்தில். இரண்டாவது நேர் எதிரே 6 மணியில். இந்த இரண்டாவது தையல்தான் தலைவிதி. அது ஒரு மயிரிழை பக்கம் மாறிப்போனால் ஒரு பக்கத்தில் துணி கூடிவிடும், மறுபக்கத்தில் போதாமல் போய்விடும். பிறகு போடுகிற எந்தத் தையலும் அதைச் சரியாக்காது. அடுத்து 3 மணி, 9 மணி. இந்த நாலும் விழுந்த பிறகுதான் டொக்டர் பெருமூச்சு விடுகிறார். பிறகு இடையிடையே போட்டு மொத்தம் பதினாறு. சில டொக்டர்மார் சுற்றி ஒரே நூலாக ஓட்டித் தைப்பதும் உண்டு. சிலர் இரண்டையும் கலந்து செய்வார்கள்.

நாலு, ஆழம். அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான் என்று சொன்னோம். ஊசி அதில் பத்தில் ஒன்பது பங்கு ஆழம் போக வேண்டும். ஆனால் கீழே கடைசிப் படலத்தைத் துளைக்கக்கூடாது. மேலோடு தைத்தால் மேலே மூடியிருக்கும், அடியில் வாய் திறந்து நிற்கும். முழுக்கத் துளைத்தால் அந்த ஓட்டை வழியாக உள்ளே இருக்கிற நீர் கசியும், வெளியில் இருக்கிற கிருமி உள்ளே போகும். இந்தப் பக்கம் போன ஆழமே அந்தப் பக்கமும் போக வேண்டும். இல்லையென்றால் இரண்டு கரையும் படி மாதிரி ஏறி இறங்கி நிற்கும்.

ஐந்து, இழுவை. இதை நம்ம ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. மத்தளத்துக்கு வார் பிடிக்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு வாரை மட்டும் இறுக்கினால் தோல் அந்தப் பக்கம் கோணிக்கொள்ளும், சத்தம் கெட்டுப்போகும். இங்கேயும் அப்படித்தான். ஒரு தையல் கூட இறுகினால் வட்டமாக இருக்க வேண்டிய படலம் முட்டை மாதிரி ஆகிவிடும். படலம் தெளிவாக இருக்கும், ஆனால் பார்க்கிற பொருள் கோணலாகவும் இரட்டையாகவும் தெரியும். கிளினிக் கொப்பியில் இதை அஸ்டிக்மாடிசம் என்று எழுதுவார்கள். தையல் தளர்ந்தால் அதைவிட மோசம், காயம் வாய் பிளந்து கண் நீர் கசியும். தைத்து முடித்த பிறகு வட்டமான ஒரு வெளிச்சத்தை ஈரக் கண்ணில் விழ வைத்து, அது வட்டமாகத் தெரிகிறதா, முட்டையாகத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். மஞ்சள் சாயம் தொட்டு வைத்து, எங்கேயாவது கசிகிறதா என்றும் பார்க்கிறார்கள்.

ஆறு, முடிச்சு. நூல் எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும் முடிச்சு முடிச்சுத்தான். வெளியே நின்றால் ஒவ்வொரு முறை கண்ணை மூடித் திறக்கும்போதும் இமையில் உரசும். அதனால் முடிச்சு போட்டபின் நூலைச் சுழற்றி, ஊசி போன ஓட்டைக்குள்ளேயே முடிச்சைப் புதைத்துவிடுகிறார்கள். பதினாறு முடிச்சையும் இப்படி ஒவ்வொன்றாகப் புதைக்க வேண்டும்.

ஏழு, துணியின் குணம். எவ்வளவு நல்ல தையற்காரராக இருந்தாலும் இற்றுப்போன சேலையில் தையல் நிற்காது. புண் பழுத்துக் குழைந்துபோன கண்ணில் நூல், வெண்ணெயைக் கம்பி அறுக்கிற மாதிரி அறுத்துக்கொண்டு போய்விடும். சுண்ணாம்பு பட்ட கண்ணில் புது இரத்தக் குழாய்கள் படர்ந்திருக்கும். அங்கே தையல் சீக்கிரம் தளரும், புதுப் படலத்தை உடம்பு ஏற்றுக்கொள்ளாமல் போவதற்கும் வாய்ப்புக் கூட. சின்னப் பிள்ளைகளின் கண்ணில் காயம் வேகமாக ஆறுகிறபடியால் தையல் வேகமாகத் தளரும், அடிக்கடி காட்ட வேண்டும். நேரம் கடத்தாமல் முதலிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது சில நோய்களுக்கு முழுப் படலத்தையும் மாற்றாமல் உள்பக்கத்து மெல்லிய ஏட்டை மட்டும் மாற்றி, காற்றுக் குமிழியால் ஒட்ட வைக்கிறார்கள். அதற்குத் தையல் மிகக் குறைவு. ஆனால் குச்சிக் குத்தும் புண்ணும் ஆழமாகத் தழும்பாக்கிய கண்ணுக்கு அந்த முறை உதவாது. நம் மக்களுக்கு வருவது பெரும்பாலும் இந்த மாதிரித் தழும்புதான். ஆகவே நமக்குத் தையல்தான்.

கையில் தைத்தால் பத்து நாள், கண்ணில் ஏன் வருஷக் கணக்கு?

கவ்வாத்துக் கத்தி காலில் பட்டால் டிஸ்பென்சரியில் தைத்து, ஏழு பத்து நாளில் பிரித்துவிடுகிறார்கள். தோலுக்கு இரத்த ஓட்டம் இருக்கிறது, சட்டென்று ஒட்டிக்கொள்ளும். விழிவெண்படலத்தில் இரத்தக் குழாய் இல்லை என்று சொன்னோமே, அதனால் ஆறுவதற்கு ஒரு வருஷம், அதற்கு மேலும் ஆகும். போடச் சொல்கிற சொட்டு மருந்தும் ஆறுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். ஆனால் அந்த மருந்து இல்லாவிட்டால் உடம்பு புதுப் படலத்தை ஏற்றுக்கொள்ளாமல் தள்ளிவிடும். ஆகவே இரண்டையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தையலை எல்லாம் ஒரே நாளில் பிரிப்பதும் இல்லை. சில மாதம் கழித்து, எந்தத் தையல் இறுக்கமாக இழுக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் பிரிப்பார்கள். முட்டை கொஞ்சம் வட்டமாகும். அடுத்த முறை இன்னொன்று. இப்படி ஒவ்வொரு கிளினிக்கிலும் பார்வையைத் திருத்திக்கொண்டு வருகிறார்கள். "போன தடவையும் போனேன், ஒண்ணும் பண்ணல, பார்த்துட்டு அனுப்பிட்டாங்க" என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பார்ப்பதே வேலைதான்.

இனிமேல்தான் மிக முக்கியமான விஷயம். இந்த நைலோன் நூல் கரைகிற நூல் இல்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு போடுகிற சில தையல் கரைந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு இதுவும் கரைந்துவிடும் என்று நினைக்கிறோம். இது கரையாது. வருஷக் கணக்கில் உள்ளே கிடந்து, மெல்ல மெல்ல இற்று, ஒரு நாள் அறுந்துவிடும். அறுந்த முனை கண்ணுக்கு வெளியே நீட்டிக்கொள்ளும். அந்த முனையில் அழுக்குப் பிடிக்கும். அது வழியாகக் கிருமி உள்ளே இறங்கும்.

அன்றைக்கு நடந்தது

அக்காவுக்குப் பதினாறு தையலில் ஐந்தைப் பிரித்திருந்தார்கள். மிச்சம் பதினொன்று. கண் நன்றாகத் தெரிந்தபடியால் அவர் கிளினிக் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டார். காரணம் நமக்கும் தெரியும். இரண்டு பஸ் மாற வேண்டும். விடிய நாலு மணிக்கு எழும்ப வேண்டும். அன்றைக்குப் பேர் விழாது. வீட்டில் மூன்று பிள்ளை படிக்கிறது.

மூன்றாம் வருஷம், கொழுந்து கூடின காலம். ஒரு வியாழக்கிழமை விடிய பெரட்டுக்கு வந்தவர் நம்மிடம் வந்தார்.

"ஐயா, ராவையிலருந்து கண்ணு உறுத்துது. தூசி விழுந்த மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகவா? துண்டு தருவீங்களா?"

நாம் கண்ணைப் பார்த்தோம். லேசாகச் சிவந்திருந்தது. நாம் சொன்னது இதுதான்: "காத்துக்கு அப்படித்தான் இருக்கும் அக்கா. ஒப்பரேசன் முடிஞ்சு மூணு வருஷமாச்சு, தையல் எல்லாம் கரைஞ்சிருக்கும். தண்ணியால கழுவுங்க. இன்னைக்கு ஆள் போதாது. திங்கக்கிழமை பார்ப்போம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

ஞாயிறு இரவு அவருடைய மகன் ஓடி வந்தான். அம்மாவுக்கு வெளிச்சம் பார்க்க முடியவில்லை, வலியில் கத்துகிறார் என்றான். திங்கட்கிழமை விடிய நாமே கூட்டிக்கொண்டு போனோம். டொக்டர் பார்த்துவிட்டு, "தையல் ஒன்று அறுந்து வெளியே நிற்கிறது, அந்த இடத்தில் சீழ் பிடித்திருக்கிறது" என்றார். "எப்போது உறுத்தத் தொடங்கியது?" என்று கேட்டார். அக்கா நம் முகத்தைப் பார்க்கவில்லை. "நேத்துத்தான் ஐயா" என்றார். நம்மைக் காட்டிக்கொடுக்காமல் அப்படிச் சொன்னார். நாம்தான் "இல்லை டொக்டர், வியாழக்கிழமை" என்று சொன்னோம்.

மூன்று கிழமைக்கு மேல் வார்ட்டில் இருந்தார். கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். படலத்தைக் காப்பாற்ற முடியவில்லை. பழையபடி வெள்ளையாகிவிட்டது. வியாழக்கிழமையே போயிருந்தால் கட்டாயம் பிழைத்திருக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அறுந்த தையலை அன்றைக்கே எடுப்பது கிளினிக்கில் சில நிமிஷ வேலை என்று டொக்டர் சொன்னார். நாலு நாள் காத்திருக்கச் சொன்னது நாம்தான். நாம் இந்த வேலைக்கு வந்து பல வருஷமாகிறது. இப்படி ஒரு பாரம் நமக்கு இதற்கு முன் இருந்ததில்லை.

இப்போது இன்னொரு படலத்துக்குப் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். இரண்டாம் முறை வைப்பது முதல் முறையை விடக் கஷ்டம், உடம்பு தள்ளிவிடும் ஆபத்தும் கூட என்று சொல்லியிருக்கிறார்கள். அதையும் தெரிந்துகொண்டுதான் காத்திருக்கிறார்.

கண்ணில் தையல் இருக்கிறவர்கள் கவனிக்க

நாலு அடையாளத்தை மனப்பாடம் பண்ணுங்கள். கண் சிவத்தல், வெளிச்சம் பார்க்கக் கூசுதல், பார்வை மங்குதல், வலி அல்லது உறுத்தல். இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். ஒப்பரேசன் செய்து ஒரு மாதமானாலும் சரி, பத்து வருஷமானாலும் சரி. உடம்பு படலத்தைத் தள்ளுவது வருஷங்கள் கழித்தும் வரலாம். ஆரம்பத்தில் பிடித்தால் சொட்டு மருந்தாலேயே திருப்பிவிடலாம்.

சொட்டு மருந்தை டொக்டர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்த வேண்டாம். முடிந்துபோனால் முடிவதற்கு முன்னாலேயே நம்மிடம் சொல்லுங்கள். பக்கத்துக் காம்பராக்காரரின் மருந்தை வாங்கிப் போடவும் வேண்டாம், உங்களுடையதைக் கொடுக்கவும் வேண்டாம். உங்களுக்கு உயிர் கொடுக்கிற அந்த மருந்தே, குச்சி குத்திய புண் கண்ணில் விட்டால் கண்ணைத் தின்றுவிடும்.

கண்ணைக் கசக்க வேண்டாம். தையல் போட்ட இடம் ஆறினாலும் பழைய பலம் ஒருநாளும் வராது. வருஷங்கள் கழித்தும் ஒரு அடி விழுந்தால் அந்த வட்டத்திலேயே பிளந்துவிடலாம். ஆகவே விறகு வெட்டும்போதும் மலையில் வேலை செய்யும்போதும் கண்ணாடி போட வேண்டும். பிள்ளையைத் தூக்கும்போது அதன் கை விரல் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குடித்துவிட்டு வீட்டில் கை நீட்டுகிற ஆண்களுக்கும் இதைச் சொல்கிறோம். ஒரே அறை போதும்.

கொழுந்துக் கூடையின் கயிறு தலையில்தான் நிற்கிறது. முழுப் பாரத்தையும் தலையில் இழுத்துக்கொண்டு குனிந்து நிமிர்வது புதுத் தையலுக்கு நல்லதல்ல. எத்தனை கிழமை கழித்துக் கூடை போடலாம் என்று டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். அதுவரை லேசான வேலைக்கு நாம் துரையிடம் பேசுகிறோம்.

கண்ணில் தையலே வராமல் இருக்க

சுண்ணாம்போ உரமோ மருந்தோ கண்ணில் பட்டால் யாரையும் தேடி ஓட வேண்டாம். முதலில் பக்கத்தில் இருக்கிற சுத்தமான தண்ணீர்ப் பீலியில் கண்ணைப் பிடியுங்கள். இமையைப் பிரித்து அரை மணித்தியாலம் தண்ணீர் ஓட விட வேண்டும். இமைக்குள் சுண்ணாம்புக் கட்டி நின்றால் சுத்தமான ஈரத் துணியால் எடுத்துவிடுங்கள். பிறகுதான் ஆஸ்பத்திரி.

குச்சியோ புல்லோ கீறினால் தாய்ப்பாலும் வேண்டாம், இலைச் சாறும் வேண்டாம். அன்றைக்கே டிஸ்பென்சரிக்கு வாருங்கள். நேபாளத்தில் பக்தபூர் என்ற இடத்தில், கண் கீறுப்பட்டவர்களுக்குக் கிருமி மருந்துக் களிம்பை மூன்று நாள் போட்டார்கள். 18 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கிய 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 2001இல் இதை வெளியிட்டார்கள். பிந்தி வந்தவர்களில்தான் சிலருக்குப் புண் வந்தது. அக்கா ஒரு கிழமை காத்திருந்தார் என்று முதலில் சொன்னோமே, அதை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

நாம் செய்தது

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நம் காரியாலயத்தில் ஒரு கொப்பி போட்டிருக்கிறோம். கண் சத்திரசிகிச்சை செய்தவர்கள் எல்லோருடைய பேரும், எத்தனை தையல் மிச்சம், அடுத்த கிளினிக் திகதி என்ன என்பதும் அதில் இருக்கிறது. திகதிக்கு முதல் நாள் பெரட்டில் வைத்து ஞாபகப்படுத்துகிறோம். கண் உறுத்துகிறது என்று யார் வந்தாலும் அன்றைக்கே துண்டு எழுதிக் கொடுக்கிறோம். கொழுந்து கூடின காலமானாலும் சரிதான். கிளினிக் நாளுக்குப் பேர் விழுவது பற்றித் துரையுடனும் தலைவர்மாருடனும் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னும் முடிவு வரவில்லை. வந்தவுடன் இந்தப் பக்கத்தில் எழுதுவோம்.

உங்கள் லயத்தில் கண் ஒப்பரேசன் செய்துகொண்டவர் யாராவது இருந்து, அவர் பேர் நம் கொப்பியில் இல்லையென்றால் வந்து சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இதைப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

கண் தானம் செய்ய விரும்புகிறவர்களும் வரலாம், பத்திரம் நிரப்ப உதவி செய்வோம். இறந்து சில மணித்தியாலத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும் என்பதால், வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லி வைப்பது அவசியம். முகம் கோரமாகும் என்ற பயம் வேண்டாம். இமையை மூடி நல்லபடியாகத்தான் தருவார்கள். நம் காரியாலயத்தில் முதல் பத்திரத்தை நிரப்பியது யார் என்று கேட்டால், அந்த அக்காதான். "ஒரு கண்ணு நல்லாத்தானே இருக்கு ஐயா, அது யாருக்காவது ஆகும்" என்றார்.

அடுத்த இதழில் சந்திப்போம்.

- தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்